ராக்கெட்டுக்குள் ஒரு பெட்டி

தனியார் கம்பெனி ஒன்று கட்டிய ராக்கெட்டுக்குத் தான் போகப்போகும் உயரத்தை நினைத்து ரொம்பப் பெருமை. அதன் வயிற்றில் ஒரு சின்ன வெடிப்பெட்டியை மாட்டியபோது எரிச்சல் வந்தது.

"நீ எதுக்கு எனக்குள்ள?"

"நீ பாதை மாறினா உன்னை வானத்துலயே வெடிக்க வைக்க. நான் இல்லாம உனக்கு அரசாங்க உரிமம் கிடைக்காது," என்றது பெட்டி.

"பாதை மாறுற ஆளா நான்? நீ வெறும் சுமை."

"சுமையாவே இருந்துட்டா எனக்கும் சந்தோஷம்தான்."

ராக்கெட் கிளம்பியது. ஒரே நிமிடத்தில் ஓர் எஞ்சின் அணைந்து, மூக்கு கரைப்பக்கம் திரும்பியது. கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஏகப்பட்ட கூட்டம்.

"கீழேருந்து உத்தரவு வந்துடுச்சு," என்ற பெட்டி தயங்கியது.

"இன்னும் கடலுக்கு மேலதான் இருக்கேன். சீக்கிரம்!" என்றது ராக்கெட்.

மறு வருஷம் அடுத்த ராக்கெட்டுக்குள் புதுப் பெட்டியை மாட்டினார்கள்.

"உனக்கு முன்னாடி போனவர் எவ்வளவு உயரம் போனாரு?" என்று கேட்டது பெட்டி.

"எங்க அண்ணனா? உயரமெல்லாம் எனக்குத் தெரியாது," என்று நிமிர்ந்து நின்றது ராக்கெட். "ஒரு துண்டுகூடக் கரையில விழல."