வரி இல்லாத கார்

"பதினாறு லட்சத்து நாற்பதாயிரம்" என்றார் ஏஜென்ட்.

அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது.

கார் ஒன்றும் புதிதல்ல. ஐந்து வருடம் ஓடிய கார். வெளிநாட்டில் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் கணவர் கப்பலில் ஏற்றி அனுப்பியது. அதன் விலையே எட்டு லட்சத்தைத் தாண்டாது. அதைத் துறைமுகத்தின் கேட்டுக்கு வெளியே கொண்டுபோக இன்னும் இரண்டு காரின் விலையைக் கட்டவேண்டுமாம்.

"ஒரு சைபர் கூடப் போட்டுட்டீங்களா சார்?"

ஏஜென்ட் சிரிக்கவில்லை. வெளிநாட்டுக் கார்களை வெளியே எடுத்துக் கொடுப்பதே அவர் பிழைப்பு. இப்படி வெளிறிப்போன முகத்தை வாரத்துக்கு நான்கு முறையாவது பார்ப்பவர். காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார். சுங்க வரி, அதன்மேல் ஒரு வரி, பழைய வண்டி என்பதற்காகத் தனியாக ஒரு வரி. வரிக்கே வரி போட்டிருந்தார்கள்.

அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஒன்றரை லட்சம் இருந்தது. ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்து மடித்துச் சேர்த்த பணம். மிச்சப்பட்டால் போகும் வழியில் சீட்டுக்கு உறை வாங்கலாம் என்று வேறு நினைத்திருந்தாள்.

"கட்டலேன்னா?"

"ஒவ்வொரு நாளும் வாடகை ஏறும். அப்புறம் ஏலத்துல விட்டுருவாங்க."

மனதுக்குள் கணவரை வறுத்தெடுத்தாள். அடுத்த மாதம் ஒரேயடியாகத் திரும்பி வரப்போகிற மனுஷன், கையை வீசிக்கொண்டு வந்தால் என்ன? இங்கே இல்லாத காரா? எத்தனை சொல்லியும் கேட்காமல், அந்தக் கார்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். இப்போது வீட்டை விற்றுக் காரை எடுத்து, காரிலேயே குடியிருக்க வேண்டியதுதான்.

அதிகாரியின் அறைக்குள் கூப்பிட்டார்கள்.

கண்ணாடி அணிந்த பெண் அதிகாரி. ஃபைலை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். ஏஜென்ட் நீட்டிய கணக்கைப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார்.

"இதை யார் போட்டது? இந்த வண்டிக்கு வரியே கிடையாதே."

"மேடம்?" என்றார் ஏஜென்ட். இருபது வருடத்தில் அவர் கேட்டிராத வார்த்தை அது.

"நேத்துதான் யார்டுல வண்டியைத் திறந்து பார்த்து ரிப்போர்ட் எழுதியிருக்காங்க. வண்டியோட வந்த சர்டிபிகேட்டும் சரியா இருக்கு. முழு விலக்கு."

அவள் எழுந்து நின்று கும்பிட்டாள். மறுபடியும் கும்பிட்டாள். இத்தனை நேரம் வறுத்தெடுத்த மனுஷனை மனதுக்குள் கொஞ்சத் தொடங்கினாள். எல்லாம் விசாரித்துத்தான் அனுப்பியிருக்கிறார். கெட்டிக்காரர்.

அதிகாரி முத்திரை குத்தியபடியே தணிந்த குரலில் கேட்டார்: "இப்ப எப்படி இருக்கார்?"

"யாரு மேடம்?"

அதிகாரி தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். பிறகு ஃபைலை மூடினார்.

"வண்டியைப் போய்ப் பாருங்கம்மா."

யார்டில் உப்புக்காற்று அடித்தது. மூன்றாவது வரிசையின் கடைசியில் சாம்பல் நிறக் கார் நின்றது. ஏஜென்ட் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் முழ நீளத்தில் ஓர் இரும்புப் பிடி. முனையில் கறுப்பு ரப்பர். பின்சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் சீட்டு இல்லை; சக்கர நாற்காலியை மாட்டி வைக்கும் கொக்கிகள் இரண்டு இருந்தன.

"கையாலயே ஓட்டுற மாதிரி மாத்தியிருக்காங்கம்மா" என்றார் ஏஜென்ட். "முன்னால தள்ளினா பிரேக். கீழே அமுக்கினா வேகம். காலுக்கு இதுல வேலையே இல்ல. அந்த மாதிரி ஆளுங்க வண்டிக்குத்தான் வரி கேக்க மாட்டாங்க."

அவள் காரின் கூரையைப் பிடித்துக்கொண்டாள். வெயிலில் தகரம் கொதித்தது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், "இனிமே ஏணி ஏறுற வேலை கிடையாது, உட்கார்ந்த இடத்துலயே வேலை" என்று போனில் சொன்னார். பதவி உயர்வு என்று சலவைக்கூடம் முழுக்க அவள் இனிப்பு கொடுத்தாள்.

போன மாதம் வீட்டு வாசலின் மூன்று படிகளையும் இடித்துவிட்டுச் சரிவாகச் சிமென்ட் பூசச் சொன்னார். "ஏங்க, காரை ஹாலுக்குள்ளயா நிறுத்தப் போறீங்க?" என்று கேலி செய்தாள். அவரும் கூடச் சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

போன் அடித்தது. அவர்தான். இன்று வீடியோ இல்லை, வெறும் குரல்.

"வண்டி வந்துச்சா?"

"வந்துச்சு."

"வரி எவ்வளவு கேட்டாங்க?" காலையிலிருந்தே இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு காத்திருந்தவர் போலக் கேட்டார்.

தூரத்தில் கிரேன் ஒன்று எதையோ இறக்கிவைத்தது. அவள் குனிந்து அந்த இரும்புப் பிடியைத் தொட்டாள்.

"ஒரு பைசா வேண்டாம்னுட்டாங்க."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் சீராக இல்லை.

"வச்சுடாதீங்க" என்றாள் அவள்.