சீருடை காயும் மாடி

எதிரி நாட்டவரின் செயற்கைக்கோள்கள் எங்கள் ராணுவக் குடியிருப்பின் துணிக்கொடிகளைக்கூட எண்ணுகின்றன. சீருடை காயாத வீட்டுச் சிப்பாய் எல்லைக்குப் போய்விட்டான் என்று தெரிந்துகொள்வார்கள். அதனால், கணவர் போன பிறகும் அவர் சீருடையைத் தினமும் நனைத்து மாடியில் காயப்போட வேண்டும் என்பது உத்தரவு.

"சோப்பு போடாம அலசுறியே, அவ்வளவு கஞ்சமாடி?" என்பாள் பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா. எல்லைக்குப் போன என் கணவர் இளம்பரிதியின் வியர்வை வாசம் அதில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

நேற்று அதிகாரி வந்தார். இளம்பரிதி இறந்து நான்கு நாளாகிறதாம்.

"கூட்டம் கூடினா மேலேருந்து தெரிஞ்சிடும். யார்கிட்டேயும் சொல்லாதீங்கம்மா."

"அவர் சீருடை?"

"வழக்கம்போல காயட்டும்."

இன்று காலை முகர்ந்து பார்த்தேன். வெறும் ஈர வாசம். முதன்முறையாகச் சோப்பு போட்டேன்.

"அட, சோப்பு மணக்குது! புருஷன் வர்றாரா?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா" என்றேன்.