இடுப்பளவுத் தாழ்ப்பாள்

குளியலறைத் தாழ்ப்பாள் என் இடுப்புக்குக் கீழே இருந்தது.

மூன்று வாரமாக நான் நச்சரித்த பிறகு, ஒருவழியாக நேற்று தச்சர் வந்தார். நான் பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் பொருத்திவிட்டுப் போயும்விட்டார். காலையில் தோளில் துண்டோடு உள்ளே போனவள், குனிந்து தேடித்தான் அதைக் கண்டுபிடித்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த வீட்டில் எதைக் கேட்டாலும் கிடைக்கும். கிடைப்பது எதுவும் எனக்கு உதவாது.

பை மாட்ட ஆணி கேட்டேன். மேசை உயரத்தில் அடித்துக் கொடுத்தார்கள். மாட்டினால் பை தரையைப் பெருக்குகிறது. முகம் பார்க்கக் கண்ணாடி கேட்டேன். வந்தது. அதில் என் புடவைக் கொசுவம் நன்றாகத் தெரிகிறது, முகம் பார்க்க மண்டியிட வேண்டும்.

"ஏங்க, இந்த ஊர்ல எல்லாருமே இவ்ளோ ஒசரம்தானா?" என்று குளியலறை வாசலில் நின்று கத்தினேன்.

வீட்டுக்காரம்மா கைருன்னிஸா முற்றத்தில் துணி உதறிக்கொண்டிருந்தார். அவரே என்னைவிட ஒரு சாண் உயரம்.

"இருக்கட்டும் டீச்சர். மாத்த வேணாம்" என்றார். ஆணிக்கும் இதே பதில், கண்ணாடிக்கும் இதே பதில்.

அவர் கணவர் குவைத்தில் இருக்கிறார். ஒரே மகள் அஃப்ரா என் பள்ளியில் நான்காம் வகுப்பு. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, தள்ளி நிற்கும் இந்தக் குளியலறை. இவ்வளவுதான் என் ஜாகை. குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர்.

பாண்டியில் பதினோரு வருடம் வேலை பார்த்த என்னை, இந்த மாதம் முதல் தேதி பூவத்துக்குத் தூக்கியடித்தார்கள். காரைக்காலின் வடக்குக் கோடி. பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. என் மகள் தமிழ்மொழி அப்பாவோடும் பாட்டியோடும் பாண்டியிலேயே இருக்கிறாள். இரண்டாம் வகுப்பு. தினமும் சாயங்காலம் போனில் அவள் கேட்பது ஒன்றுதான், எப்ப வருவே.

சீக்கிரம் வந்துவிடுவேன் என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் இல்லை. மாதக் கடைசிக்குள் பத்துப் பிள்ளைகள் சேராவிட்டால் இந்தப் பள்ளியை வேறொரு பெரிய பள்ளியோடு இணைத்துவிடுவார்கள். நான் திரும்பிப் போய்விடலாம்.

பதிவேட்டில் ஒன்பது பேர். தினமும் எண்ணினேன். தினமும் ஒன்பதுதான் என்பதில் சந்தோஷப்பட்டேன். நீயெல்லாம் ஒரு டீச்சரா என்று கேட்காதீர்கள், அதை நானே தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பிள்ளையை விட்டுவிட்டு வந்தவள் வேறு எதை வேண்டிக்கொள்வாள்? கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்றை இன்னும் திறக்கக்கூட இல்லை.

பத்தாவது பிள்ளைக்காகக் கைருன்னிஸா வீடு வீடாக ஏறி இறங்கினார். எல்லாம் தனியார் பள்ளி வேனில் போகிற பிள்ளைகள். யாரும் மசியவில்லை. அப்படி அலைந்துவிட்டு வந்த ஒரு சாயங்காலம் என்னிடம் கேட்டார்.

"ஒங்க புள்ள எங்க டீச்சர் படிக்கிது?"

எனக்குச் சுருக்கென்றது. பாண்டியில், இங்கிலீஷ் மீடியம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாளே ஆணி அடிக்க ஆள் வந்தது. நான் முகத்தில் அடித்தாற்போலப் பேசியும் இந்த மனுஷி மனதில் வைத்துக்கொள்ளவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

இன்று முப்பதாம் தேதி. மாலை நான்கு மணிக்கு எண்ணிக்கையை அனுப்பிவிட்டால் எல்லாம் முடிந்தது. காலி செய்யப்போகிற வீட்டின் தாழ்ப்பாள் எங்கே இருந்தால் எனக்கென்ன? ஆனாலும் கோபம் வந்தது. மாதம் முழுக்கச் சேர்ந்த எரிச்சல் அத்தனையும் அந்தத் துண்டு இரும்பின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்போது கேட் திறந்தது.

என் கணவர் ரஞ்சித்குமார். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் பழுப்பு உறை. முதல் பஸ் பிடித்து வந்த கசங்கல் முகத்தில். பின்னாலேயே, தூக்கம் கலையாத கண்ணோடு தமிழ்மொழி.

சொல்லாமல் கொள்ளாமல் இதென்ன என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கைருன்னிஸாவைப் பார்த்தார். இந்த வீட்டை எனக்காகப் போனில் பேசி முடித்தவர் என் கணவர்தான். ஒருவர் நம்பர் மற்றவரிடம் இருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உறையை வாங்கிப் பிரித்தேன். மகளின் டி.சி.

"பத்து ஆயிடுச்சு டீச்சர்" என்றார் கைருன்னிஸா.

என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று ஆரம்பித்தேன். மகளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, இரண்டு பேரையும் நாலு கேள்வி கேட்க வேண்டும் போலவும் இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது, முக்கால்வாசி கோபத்தில்தான்.

தமிழ்மொழிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. நாலு மணி நேரம் பஸ்ஸில் அடக்கிக்கொண்டு வந்தவள், ஒண்ணுக்கு என்று கத்திக்கொண்டே என்னைத் தாண்டிக் குளியலறைக்குள் ஓடினாள்.

பாண்டி வீட்டில் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாது. நான்தான் வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்வேன். அதே பழக்கத்தில், இரும்மா, அம்மா பிடிச்சுக்கறேன் என்று பின்னாலேயே ஓடினேன்.

அதற்குள் உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.