எடைக்கு ஏற்ற நேரம்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலைக்கு இருபத்தோரு கிலோமீட்டர் ஓடிக் காட்ட வேண்டுமாம். உட்கார்ந்து செய்கிற வேலைக்கு எதற்கு ஓட்டம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. என் மகள் ஜெசிந்தா எண்பத்தாறு கிலோ. அந்த எடைக்கு மூன்று மணி நேரம் ஆகும் என்று, ஓட்டத்தைக் கணக்கெடுக்க அவர்கள் வைத்திருந்த மெஷின் முன்கூட்டியே சொல்லிவிட்டது. காசிமேட்டு மணலில் ஒரு வருஷம் ஓடிப் பழகியவள், முதல் ஓட்டத்திலேயே இரண்டேகால் மணி நேரத்தில் வந்து நின்றாள்.

மெஷின் சிவப்பு காட்டியது.

"இந்த உடம்புக்கு இந்த நேரம் வராதும்மா. நேரம் பார்க்க உன் கையில கட்டிவிட்ட பட்டையைக் கட்டிக்கினு வேற யாரோ ஓடியிருக்காங்க," என்றான் ஆபீசர்.

"நான் கூடவே சைக்கிள்ல வந்தேன்யா. என் கண்ணு பொய் சொல்லுமா?"

"மெஷின் சொல்லாது பெரியவரே. அடுத்த மாசம் இன்னொரு தபா ஓடட்டும். அப்பவும் ஏமாத்துனா ஆயுசுக்கும் வேலை கிடையாது."

அடுத்த மாதமும் ஓடினாள். மெதுவாக ஓட அவளுக்கு வராது. முடிவுக் கோட்டுக்குப் பத்தடி முன்னால் வந்து நின்றுவிட்டாள். பின்னால் விட்டுவந்தவர்களெல்லாம் அவளைத் தாண்டிப் போனார்கள்.

"இன்னாடி நிக்கிற, வாடி," என்று கத்தினேன்.

"கம்முனு இருப்பா. இன்னும் முக்கா மணி ஆவணும்."

வெயிலில் நின்றாள். "குண்டம்மாவுக்கு மூச்சு வாங்குது பாரு," என்று ஒருத்தன் சிரித்தான். அவள் மூச்சு சீராகத்தான் இருந்தது. மூன்று மணி நேரம் ஆனதும் நடந்துபோய்க் கோட்டைத் தாண்டினாள். மெஷின் பச்சை காட்டியது. வேலை கிடைத்தது. கழுத்தில் பதக்கமும் போட்டார்கள்.

பதக்கத்திலிருந்த பொடி எழுத்து என் கண்ணுக்குத் தெரியவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"நேர்மையாக ஓடியவர்னு போட்டிருக்குப்பா," என்றாள்.