ஆட்டம் புரியாத தேனீ

பூத்த மரம் எங்கே இருக்கிறது என்பதைத் தேனீக்கள் ஆடித்தான் சொல்லும். ஆட்டத்தைப் பார்த்ததும் மற்றவர்கள் சர்ரென்று பறந்துவிடுவார்கள். செவ்வந்திக்கு மட்டும் இடம் வலமெல்லாம் குழம்பிவிடும். இன்றும் எங்கெங்கோ சுற்றிவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பினாள்.

"கவனம் எங்கே இருக்கு? இன்னொரு தரம் பாரு!" என்று கத்தினாள், கூட்டிலேயே கண்டிப்பான மங்களம் அக்கா. வழி சொல்லி ஆடிக்கொண்டிருந்த அல்லியை இன்னும் வேகமாக ஆடச் சொன்னாள். செவ்வந்திக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். தனக்கு மூளையே கிடையாதோ என்று மூலையில் ஒடுங்கிக்கொண்டாள்.

ஆடி முடித்த அல்லி பக்கத்தில் வந்து, வாயிலிருந்த தேன்துளியை நீட்டினாள்.

"ஆட்டத்தை விடுடி. இந்த வாசனையை மோந்துக்கோ. நான் மெதுவாப் பறக்கிறேன், கூடவே வா."

வாசனை செவ்வந்திக்குச் சட்டென்று பிடிபட்டது. பாதி வழியில் அல்லியையும் முந்திக்கொண்டு போய், பூத்துக் குலுங்கிய புங்க மரத்தில் இறங்கினாள்.

பின்னாலேயே மங்களம் அக்காவும் வந்து இறங்கினாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று செவ்வந்தி ஒரு பூங்கொத்துக்குப் பின்னால் பதுங்கினாள்.

அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நாளைக்கும் உன் பின்னாடியே வரட்டுமா? அந்த ஆட்டம் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரிஞ்சதே இல்லடி."