பெயர் சொல்லாத அமர்வு

திரையில் ரத்தம். அவள் முன்னால் சாய்ந்து பார்த்தாள்.

"இந்த இடத்துலதான் நான் தப்புப் பண்ணினேன்," என்றாள் மேடையில் சாருமதி.

கோயம்புத்தூரில் மூன்று நாள் பயிற்சி. சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் ஏற்கெனவே கை பழகிய மகளிர் மருத்துவர்கள் இன்னும் தேர்ச்சி பெற வந்திருந்தார்கள். இரண்டாம் நாள் மதியம், அவரவர் செய்த தவறை அவரவரே காட்டும் அமர்வு. கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். நோயாளியின் பெயரைச் சொல்லக்கூடாது. வீடியோவின் மூலையில் இருந்த தேதியைக் கறுப்புப் பட்டையால் மறைத்திருந்தார்கள்.

அவள் கடைசி வரிசையில் இருந்தாள். சாருவிடம் சொல்லாமல்தான் வந்திருந்தாள். பதினெட்டு வருடச் சிநேகிதி, ஒரே ஹாஸ்டல் அறை. திடீரென்று முன்னால் போய் நின்றால் எப்படிக் கத்துவாள்! மடியில் சாருவுக்குப் பிடித்த மணப்பாறை முறுக்குப் பொட்டலம்.

வீடியோ முதலிலிருந்து மெதுவாக ஓடியது.

கருப்பையின் முன்பக்கத்தில் பட்டாணி அளவு கட்டி.

எனக்கும் அங்கேதான் இருக்கிறது, என்று நினைத்துக்கொண்டாள்.

கேமரா வலப்பக்கம் திரும்பியது. அங்கே சினைப்பை இல்லை. பழைய தையலின் தழும்பு மட்டும் இருந்தது.

பதினாறு வயதில் அவளுக்கு வலது சினைப்பை முறுக்கிக்கொண்டது. எடுத்துவிட்டார்கள்.

பட்டாணிக் கட்டி ஊரில் ஆயிரம் பேருக்கு இருக்கும். இரண்டும் சேர்ந்து எத்தனை பேருக்கு இருக்கும்?

"அவங்களுக்கு இருந்ததே இடது பக்கம் அந்த ஒரு ஓவரிதான். குழந்தை வேணும்னுதான் வந்தாங்க. அந்த ஓவரியில இருந்த கட்டிய மட்டும் நான் உரிச்சு எடுத்திருக்கணும். ரத்தத்தப் பாத்ததும் பதறிட்டேன். ஓவரிக்கு ரெண்டு பக்கமும் வர்ற ரத்தக்குழாயச் சுட்டுட்டேன். ரத்த ஓட்டம் நின்னு, ஓவரியவே எடுக்க வேண்டியதாப்போச்சு."

திரையில் சினைப்பை நிறம் மாறியது. கட்டியைத் தவிர மீதியெல்லாம் நன்றாக இருந்தது. அதை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. அவளுக்கும் இதுதான் தொழில்.

தேதியை மறைத்தார்களே, வயிற்றை மறைக்க முடிந்ததா?

மூன்று வருடத்துக்கு முன் அவளுக்கு ஆபரேஷன் செய்துவிட்டு, மயக்கம் தெளிந்த அன்று சாரு வேறு கதை சொன்னாள். "கட்டி மொத்தத்தையும் தின்னுருச்சுடி. எடுக்கறதத் தவிர வேற வழியே இல்ல." சொல்லிவிட்டு, இவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

தையல் வலியோடு எழுந்து உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தது யார்? இவள்தான்.

"நீ என்னடி பண்ணுவ? எல்லாம் என் தலையெழுத்து."

தலையெழுத்தாம்!

மூன்று வருடமாக அந்தத் தலையெழுத்தைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள். முப்பத்துமூன்று வயதில் மாதவிலக்கு நின்றுபோனது. பேருந்தில், ஓபியில், எங்கே இருந்தாலும் உடம்பு திடீரென்று கொதிக்கும். அடுத்தவள் பிள்ளையைத் துடைத்துக் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, மறுபடியும் தலையெழுத்தைத் திட்டுவாள். ஒருநாள்கூட சாருவைத் திட்டியதில்லை.

வீடியோ முடிந்தது. கடைசிப் படம் திரையில் அப்படியே நின்றது. இரண்டு பக்கமும் காலி.

இருட்டில் கைதட்டல். நேர்மையைப் பாராட்டுகிறார்களாம்!

அமர்வை நடத்திய பெரியவர் முன்வரிசையில் எழுந்து நின்றே தட்டினார். "இப்படி உண்மையச் சொல்றதுக்குப் பெரிய மனசு வேணுங்க. பேஷண்ட் இப்ப எப்படி இருக்காங்க?"

வழக்கமாகக் கேட்கும் கேள்விதான்.

"நல்லா இருக்காங்க, சார். ரொம்ப நல்லவங்க. அன்னைக்கு எனக்கு ஆறுதல் சொன்னதே அவங்கதான்."

மடியில் முறுக்கு நொறுங்கியது. கை அழுத்திக்கொண்டிருந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

நம்பினவளைக் கழுத்தறுத்தது போதாதா? அதைச் சொல்லிக் கைதட்டலும் வாங்குகிறாளே, பாவி!

கேள்வி கேட்பவர்களுக்காக மைக் சுற்றி வந்தது. அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"மேடம், இத அவங்ககிட்ட சொன்னீங்களா?"

சாருமதி குரல் வந்த பக்கம் வெடுக்கென்று திரும்பினாள்.

அவள் கையிலிருந்த லேசரின் சிவப்புப் புள்ளி, திரையில் அந்தக் காலி இடத்தை விட்டு நழுவியது.

"கேக்கறது யாருன்னு தெரியலீங்க," என்றார் பெரியவர், பின்னால் திரும்பி. "யாராச்சும் லைட்டப் போடுங்க."

"வேண்டாம், சார்," என்றாள் சாருமதி. "போடாதீங்க."