பக்கத்து சீட்

“எழுபத்திரண்டு வயசுல உங்களுக்கெதுக்குப்பா லைசென்ஸ்? எங்க போகணும்னாலும் என்னைக் கூப்பிடுங்க, நான் வரேன்.”

“கூப்பிட்டு நீ என்னிக்கு வந்திருக்கே?” அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார். “இன்னிக்கு லீவுதானே, வண்டியை எடு.”

மகன் பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவரிடம் என்ன பேசுவது? லைசென்ஸ் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. அதோடு விட்டது தொல்லை என்று இருந்தான். மனுஷன் யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டுத் தேதியும் வாங்கிவிட்டார்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அப்பா டோக்கன் வாங்கப் போன நேரம் பார்த்து, அவன் அதிகாரியின் மேஜைப் பக்கம் குனிந்தான்.

“சார், எங்கப்பா பிடிவாதக்காரர். நீங்களே ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிடுங்க, புண்ணியமாப் போகும்.”

அதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “சாக்கெல்லாம் சொல்றதில்ல. டெஸ்ட் வைப்பேன். தேறலேன்னா தேறல.”

அம்மாவிடமிருந்து போன். “என்னடா, அப்பாவுக்குக் குடுத்துட்டாங்களா?”

“கவலைப்படாதேம்மா. குடுக்க மாட்டாங்க.”

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. பாவம், நிம்மதியில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

முதலில் கண் பரிசோதனை. அப்பா கடைசி வரிவரை கடகடவென்று படித்தார். அதோடு நிற்காமல், அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தார்.

“அது வேண்டாம் பெரியவரே,” என்றார் அதிகாரி.

அடுத்தது வண்டி. இரண்டு கம்பங்களுக்கு நடுவே ரிவர்ஸில் நிறுத்த வேண்டும். அப்பா ஒரே மூச்சில் நிறுத்தினார். அதே காரைப் போன வாரம் வீட்டு கேட் தூணில் உரசி வைத்திருந்த மகன் வேறு பக்கம் பார்த்தான்.

அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். “உங்களுக்கு எப்ப தம்பி ரினியூவல்?”

வீட்டு வாசலில் அம்மா ஷூ போட்டுக்கொண்டு தயாராக நின்றிருந்தாள். அப்பா லைசென்ஸை உயர்த்திக் காட்டினார். அவள் முகம் மலர்ந்ததை மகன் கவனிக்கவில்லை.

“நீயாவது சொல்லும்மா. இவர் இனிமே சாவியைத் தொடக் கூடாது.”

“நான் தொடலடா,” என்று அவனிடமிருந்து சாவியை வாங்கி அம்மா கையில் கொடுத்தார் அப்பா. டிக்கியைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த சிவப்பு ‘எல்’ போர்டை எடுத்து முன்னும் பின்னும் மாட்டினார்.

அம்மா ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, சீட்டை இழுத்துப் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்தாள். பழகிய கை.

“அம்மாவா?”

“மூணு மாசம் பழகினா. என் லைசென்ஸ் முடிஞ்சதும் நின்னு போச்சு. திங்கக்கிழமை அவளுக்கு டெஸ்ட்.”

அப்பா பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். கார் ரிவர்ஸில் நகர்ந்து, தூணில் ஒரு இழைகூடப் படாமல் தெருவில் இறங்கியது. மகனுக்குத் தன்னையும் மீறிக் கைதட்டத் தோன்றியது.

அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“பழகுறவங்க பக்கத்துல லைசென்ஸ் இருக்கிற ஆள் உக்காரணும்டா. முதல்ல உன்னைத்தான் கேட்டாளாம். ‘இந்த வயசுல உனக்கெதுக்கும்மா? எங்க போகணும்னாலும் என்னைக் கூப்பிடு, நான் வரேன்’னியாமே.”